மஞ்சள் டேப் சுற்றிய சாவி

காவாந்தண்டலம்
19-8-2024

வசந்த்குமாருக்கு,

பிரிஸ்கில்லா எழுதுவது. நான் போனை எடுப்பதில்லை என்று அம்மாவிடம் குறைப்பட்டுக்கொண்டீர்களாம். எடுக்க மாட்டேன். போனில் நீங்கள் இரண்டு வார்த்தை பேசினால் நான் அழுவேன். நான் அழுதால் நீங்கள் "சாப்ட்டியா" என்று கேட்டுப் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவீர்கள். மூன்று வருஷக் குடித்தனத்தில் இதுகூடவா தெரியாது எனக்கு. அதுவும் இந்த ஒற்றை அறை வீட்டில் நான் எது பேசினாலும் கட்டிலில் கிடக்கிற அண்ணன் காதில் விழும். எழுதினால் எழுதினது அப்படியே நிற்கும், எத்தனை தடவை வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம்.

கலையண்ணனை இந்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து இங்கே கொண்டுவந்து பத்து நாள் ஆகிறது. வெந்துபோன முகத்தில் புதுத் தோல் வந்துவிட்டது. இடது கையில் இன்னும் கட்டுப் பிரிக்கவில்லை, விரல் நுனி மட்டும் அசைகிறது. வலது கை விரல்கள்தான் நாளுக்கு நாள் உள்பக்கமாக மடங்கிக்கொண்டே போகின்றன. நவம்பருக்குள் ஆபரேஷன் செய்யாவிட்டால் அப்படியே ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரிக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கம்பெனி செய்துவைக்கும் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தோம்.

முந்தாநாள் உங்கள் கம்பெனிக் காகிதம் வந்தது. செப்டம்பர் 27 கடைசி விசாரணை. 'எச்சரிக்கை அட்டை மாட்டாமல் வேலை செய்த ஊழியரின் சொந்தக் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம்' என்று இப்போதைக்கு எழுதியிருக்கிறார்கள். அது உறுதியானால் அண்ணனுக்கு வேலையும் இல்லை, ஆபரேஷனும் இல்லை. கீழே சாட்சி என்று உங்கள் பெயர்.

கரண்ட் போட்டது நீங்கள் என்று ஆஸ்பத்திரி வராண்டாவிலேயே சொன்னீர்கள். அட்டை இல்லை, அதனால் போட்டேன் என்றீர்கள். அன்றைக்கு நம்பினேன். இங்கே வந்து அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து யோசிக்க யோசிக்க நம்ப முடியவில்லை. பல்பு மாற்ற மெயினை இறக்கிவிட்டு, இறக்கினதை டெஸ்டர் வைத்து இரண்டு தடவை பார்க்கிற ஆள் அவன். கேட்டால், "என் தப்புதான் பிரிசி. வுட்டுடு. அத்தப் போயி நோண்டிக்கினு கீற" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறான்.

நீங்கள் இரண்டு பேரும் ரிப்பேர் வேலை பார்த்த அந்த விமானத்தில் கரண்ட் எங்கிருந்து வருகிறது, எந்த வழியாக என் அண்ணன் கைக்கு வந்தது என்று முதலிலிருந்து எழுதுங்கள். உனக்குப் புரியாது என்று மட்டும் எழுதாதீர்கள். நான் பன்னிரண்டாவது வரை படித்தவள், கம்பத்தில் ஏறி லைன் வேலை பார்த்த நைனாவின் மகள்.

பிரிஸ்கில்லா


இந்தூர்
26-8-2024

அன்புள்ள பிரிசி,

மேலே 'வசந்த்குமாருக்கு' என்று இருந்ததைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் படிக்காமலே வைத்திருந்தேன். மாமா என்று கூப்பிட்ட வாய். போகட்டும், நீ கேட்டதைச் சொல்கிறேன்.

எங்கள் விமானம் சின்னது. எழுபத்தாறு பேர் உட்காரலாம், சின்ன ஊர்களுக்குப் போய்வரும். வாலருகே இரண்டு பக்கமும் இரண்டு இன்ஜின். ஒவ்வொரு இன்ஜினும் ஒரு ஜெனரேட்டரைச் சுற்றும். பைலட் வேகத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் ஜெனரேட்டர் ஒரே சீராகச் சுற்ற வேண்டும். அதற்காக நடுவில் எண்ணெயில் ஓடும் ஒரு கியர் உண்டு. வருவது நூற்றுப் பதினைந்து வோல்ட், மூன்று பேஸ். வீட்டுக் கரண்ட் நொடிக்கு ஐம்பது சுற்று என்றால் இது நானூறு. அப்படி இருந்தால்தான் மோட்டார், டிரான்ஸ்பார்மர் எல்லாம் எடை குறைவாகச் செய்ய முடியும்.

அந்தக் கரண்ட் முதலில் தடியான செம்புப் பட்டைகளுக்கு வரும். ஏரித் தண்ணீர் மதகுக்கு வந்து வாய்க்கால்களாகப் பிரிகிற மாதிரி அங்கிருந்துதான் எல்லா இடத்துக்கும் பிரியும். ஒரு பங்கு நான்கு பெட்டிகளுக்குள் போய் இருபத்தெட்டு வோல்ட் டிசி ஆகிவிடும். பைலட்டுக்கு முன்னால் இருக்கிற திரைகள், ரேடியோ, விளக்கு எல்லாம் அதில் ஓடுபவை.

ஒரு பட்டைக்கு ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஜெனரேட்டர்தான். இரண்டு சேர்ந்துவிடக் கூடாது. யாருக்கு எப்போது வழி விடுவது என்று பார்ப்பது கான்டாக்டர். மோட்டார் கொட்டகையில் பச்சைப் பட்டனை அமுக்கினால் ஸ்டார்ட்டருக்குள் 'டொக்' என்று ஒட்டுமே, அதேதான், கொஞ்சம் பெரிசு. ஒரு ஜெனரேட்டர் நின்றுபோனால் கான்டாக்டர்கள் தானாக மாறி இன்னொன்றின் கரண்டைக் கொடுக்கும். உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு விளக்கு ஒரு தடவை சிமிட்டினதுதான் தெரியும். வாலில் குட்டி இன்ஜின் ஒன்று இருக்கிறது, அதில் மூன்றாவது ஜெனரேட்டர். எல்லாமே போய்விட்டால் மூக்குப் பக்கத்தில் ஒரு கதவு திறந்து சின்னக் காற்றாடி வெளியே வரும். காற்று வேகத்திலேயே சுற்றி, பத்திரமாக இறங்குவதற்கு எது வேண்டுமோ அதற்கு மட்டும் கரண்ட் கொடுக்கும். அது வேகம் பிடிக்கும்வரை பேட்டரி தாங்கும். கரண்ட் குறைந்தால் முதலில் வெட்டிவிடுவது சாப்பாடு சூடு பண்ணும் அடுப்பை.

இதெல்லாம் பறக்கும்போது. ரிப்பேருக்காக ஹாங்கர் கொட்டகையில் நிற்கும்போது இன்ஜின் ஓடாது. டீசலில் ஓடும் பவர் வண்டி ஒன்றை அருகில் நிறுத்தி, அதன் கேபிளை மூக்குப் பக்கம் இருக்கிற சாக்கெட்டில் செருகுவோம். வண்டியை ஸ்டார்ட் செய்தால் காக்பிட்டில் பச்சை விளக்கு எரியும். அங்கே ஒரு பட்டனை அமுக்கினால் கான்டாக்டர் ஒட்டி விமானம் முழுக்கக் கரண்ட் வந்துவிடும்.

ஜூலை 2 மத்தியானம் மச்சான் காக்பிட்டுக்குக் கீழே உள்ள அறையில் ஒரு கான்டாக்டரை மாற்றிக்கொண்டிருந்தான். ஒரு ஆள் குனிந்து நுழைகிற இடம், மேலே இருப்பவனுக்குத் தெரியாது. வேலை நடக்கிறது என்றால் பட்டன் மேல் ஒரு சிவப்பு அட்டை, சாக்கெட்டில் ஒரு சிவப்பு அட்டை தொங்க வேண்டும். இரண்டும் இல்லை. எனக்குப் பின்பக்க விளக்குகளைப் பார்க்கக் கரண்ட் வேண்டியிருந்தது. "பவர்" என்று மூன்று தடவை குரல் கொடுத்தேன். ஹாங்கர் சத்தத்தில் அவனுக்குக் கேட்டிருக்காது. பட்டனை அமுக்கினேன். அவன் ஸ்பேனர் அப்போது இரண்டு பேஸுக்கு நடுவில் இருந்தது, ஷார்ட் ஆகி நெருப்பு வெடித்துவிட்டது.

இதைத்தான் விசாரணையிலும் சொன்னேன். மச்சானைப் பார்த்துக்கொள். எனக்கு இங்கே சாப்பாடு இறங்குவதில்லை.

வசந்த்


காவாந்தண்டலம்
2-9-2024

வசந்த்குமாருக்கு,

கடிதத்தை நான்கு தடவை படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். கரண்டைப் பற்றி எழுதின இடமெல்லாம் தெளிவு, ஜூலை 2 வந்ததும் அவசரம். இந்த அவசரம் எனக்குத் தெரியும். என் தோட்டைத் தொலைத்துவிட்டு, "எங்கியாவது வெச்சிருப்ப" என்று சொன்னபோதும் இப்படித்தான் பேசினீர்கள்.

இரண்டு இன்ஜினும் நிற்கிறது. வாலில் இருக்கிற குட்டி இன்ஜினும் ஓடவில்லை. காற்றாடிக்குக் காற்று இல்லை. அப்படியானால் அன்றைக்கு அந்த விமானத்துக்குள் கரண்ட் நுழைய ஒரே வழி பவர் வண்டி. அதை நிறுத்திவிட்டால் அட்டை இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன. அண்ணன் அதை நிறுத்தாமலா உள்ளே போயிருப்பான்?

இன்னொன்று. ஆஸ்பத்திரியில் அண்ணன் சாமான் என்று ஒரு கவரில் கொடுத்தார்களே, கருகின பெல்ட், கழுத்துச் சிலுவை, ஒரு சாவி. அந்தச் சாவியில் மஞ்சள் டேப் சுற்றியிருக்கிறது. ஏதோ பெட்டிச் சாவி என்று நினைத்தேன். ஆனால் ஒவ்வொரு தடவை சட்டை மாற்றும்போதும் அண்ணன் கேட்கிறான், "சாவி பையில கீதா பாரு." எடுத்து வேறு சட்டைப் பையில் போட்ட பிறகுதான் படுக்கிறான். கையில் பிடிக்க முடியாத மனுஷனுக்குச் சாவி எதற்கு?

நேற்று கட்டு மாற்றக் காஞ்சிபுரம் போகும்போது பஸ்ஸில் நைனா ஞாபகம் வந்தது. கம்பத்தில் ஏறுவதற்கு முன்னால் டிரான்ஸ்பார்மரில் இருந்து பீஸ் கட்டையைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொள்வார். "கட்ட எங்கிட்ட கீது, எவன் கரண்ட் குடுப்பான்?" என்பார். மஞ்சள் காமாலையில் செத்தார், கரண்டில் சாகவில்லை. அம்மா இன்றைக்கும் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அந்தப் பவர் வண்டிக்குச் சாவி உண்டா? உண்டு என்றால், அண்ணன் பையில் சாவி இருக்கும்போது வண்டி எப்படி ஓடியது?

பிரிஸ்கில்லா


இந்தூர்
9-9-2024

பிரிசி,

சாவியைப் பற்றி யாரிடமும் பேசாதே. வருகிறவர் போகிறவரிடம் காட்டாதே. கம்பெனியிலிருந்து யாராவது போன் செய்தால் தெரியாது என்று சொல். மச்சானே வேண்டாம் என்கிறபோது நீ ஏன் கிளறுகிறாய்? ஆபரேஷனுக்கு நான் வேறு வழி பார்க்கிறேன். எனக்கு அடுத்த மாதம் விமானப் பராமரிப்பு லைசென்ஸ் பரீட்சை இருக்கிறது. இந்த நேரத்தில் இது வேண்டாம்.

உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

வசந்த்


காவாந்தண்டலம்
14-9-2024

நான் கேட்டது சாவி உண்டா இல்லையா என்று. நீங்கள் பதில் சொல்லிவிட்டீர்கள்.

இன்றைக்கு இங்கே நடந்ததைச் சொல்கிறேன். கம்பெனி அனுப்பின காகிதங்களோடு ஒன்று வந்திருந்தது. முடிவை ஏற்றுக்கொள்கிறேன் என்று அண்ணன் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். நான் துணி துவைத்துவிட்டு உள்ளே வந்தால் அண்ணன் எழுந்து உட்கார்ந்து மடிமேல் அதை விரித்து வைத்திருக்கிறான். பேனா அவன் வாயில் இருக்கிறது. என்னைப் பார்த்ததும் துப்பிவிட்டு, "ரப்பர் பேண்டு ஒண்ணு எடுத்தாந்து பேனாவ என் கையில கட்டுடி. கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டா முடிஞ்சிடும்" என்றான்.

முடியாது என்றேன். அவனே கட்டிப் பார்த்தான். இடது கையால் வலது கை விரல்களைப் பிரிக்கப் போய்ப் புதுத் தோல் கிழிந்துவிட்டது. காகிதத்தில் ரத்தம். அம்மா அலறிக்கொண்டு ஓடிவந்தாள். "ஏண்டா, இன்னாத்துக்குடா இப்டி சாவுற?" என்று அவன் தலையைக் கட்டிக்கொண்டாள். அவன் அப்போதும் அழவில்லை. காகிதத்தைப் பிடுங்கி அரிசி டிரம்மில் போட்டு மூடிவிட்டேன்.

தன் தப்பு என்று நினைக்கிறவன் இப்படிச் செய்ய மாட்டான். யாரையோ மறைக்கிறவன்தான் செய்வான். எனக்கு உண்மை வேண்டும். இல்லாவிட்டால் 27ஆம் தேதி சாவியை எடுத்துக்கொண்டு நானே அங்கே வந்து நிற்பேன். அந்த மேஜைக்கு முன்னால் உங்கள் எதிரில் நிற்கும்படி என்னை ஆக்காதீர்கள்.

பிரிஸ்கில்லா


இந்தூர்
18-9-2024

பிரிசி,

உண்டு. அது நான்காம் நம்பர் பவர் வண்டிச் சாவி. டேப் சுற்றினது மச்சான்.

அட்டை வாங்க ஸ்டோர் ஜன்னலில் நிற்க வேண்டும். பதிவேட்டில் எழுதி, ஷிப்ட் இன்சார்ஜ் கையெழுத்து வாங்கி, வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்து, மறுபடியும் கையெழுத்து. ஒரு தடவைக்கு அரை மணி நேரம் போய்விடும். மச்சான் வந்த புதிதிலேயே சிரித்தான். "எங்க நைனா வழி தெரியுமாடா மாப்ள? சாவிய எடுத்துப் பையில போட்டுக்கினா வேல முடிஞ்சுது. எவன் வந்து ஸ்டார்ட் பண்ணுவான்?" என்றான். அன்றிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் ஒரே விமானத்தில் இருந்தால் அட்டை கிடையாது. வண்டியில் சாவி இல்லை என்றால் ஒருவன் உள்ளே இருக்கிறான். சாவி இருந்தால் வெளியே வந்துவிட்டான். இரண்டு வருஷம் இது பிசகவே இல்லை. அந்த ஹாங்கரில் வேறு யாருக்கும் தெரியாது.

ஜூலை 2 மத்தியானம் வண்டி ஓட்டுகிற பாண்டுரங்கன் இன்னொரு விமானத்துக்கு வழிவிட நான்காம் வண்டியைக் கேபிளைக் கழற்றாமலே கொஞ்சம் நகர்த்த வேண்டியிருந்தது. சாவி இல்லை என்றதும் ஆபீஸ் பலகையிலிருந்து மாற்றுச் சாவியை எடுத்துவந்து நகர்த்தியிருக்கிறார். வண்டியை நிறுத்திவிட்டுச் சாவியை அதிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். அவரைக் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. அவர் கண்ணுக்கு எங்கேயும் அட்டை தெரியவில்லை.

நான் சாப்பிட்டுவிட்டு வந்தேன். வண்டியில் சாவி. மச்சான் வேலையை முடித்துவிட்டு டீக்குப் போயிருக்கிறான் என்று நினைத்தேன். வேறு எவனாக இருந்தாலும் அட்டை இல்லையே என்று ஒரு நிமிஷம் நின்றிருப்பான், கீழே எட்டிப் பார்த்திருப்பான். நான் மஞ்சள் டேப் இருக்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை. ஸ்டார்ட் செய்தேன், மேலே ஏறினேன், பட்டனை அமுக்கினேன். காலுக்குக் கீழே வெடித்தது.

குரல் கொடுக்கவில்லை பிரிசி. மூன்று தடவை இல்லை, ஒரு தடவைகூட இல்லை. சாவி இருக்கிறதே, எதற்குக் கூப்பிட வேண்டும் என்று இருந்துவிட்டேன். ஒரு தடவை கூப்பிட்டிருந்தால், "இருடா" என்று கீழேயிருந்து சத்தம் வந்திருக்கும்.

ஆம்புலன்ஸில் மச்சானுக்கு நினைவு இருந்தது. கை இரண்டும் துணியில் சுற்றியிருந்தது. நான் அழுதுகொண்டிருந்தேன். அவன்தான் பேசினான். "சாவி கதைய எடுக்காத. அட்ட போடலன்னு மட்டும் சொல்லு. கொரல் குடுத்தேன்னு சொல்லு. ரெண்டு பேர் வேலையும் போனா பிரிசி இன்னா பண்ணுவா? எங்கம்மா இன்னா பண்ணும்? ஒருத்தனாவது நில்லுடா." அவன் கழுத்துச் சிலுவையின் மேல் என் கையை வைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கிக்கொண்டான்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், பிறகு எழுத தைரியம் வராது. அவன் அப்படிச் சொன்னபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

27ஆம் தேதி நான் வாயைத் திறந்தால் சத்தியம் போகும், வேலை போகும், பரீட்சை போகும். திறக்காவிட்டால் அவன் கை போகும். என்ன செய்யச் சொல்கிறாய்?

வசந்த்


காவாந்தண்டலம்
23-9-2024

மாமா,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ஏரிக்கரைக்குப் போய் உட்கார்ந்தேன். வீட்டில் அழ இடமில்லை.

கரண்ட் குறைந்தால் முதலில் அடுப்பை வெட்டிவிடுவார்கள் என்று எழுதியிருந்தீர்கள். ஆம்புலன்ஸில் நீங்கள் இரண்டு பேரும் அதைத்தான் செய்திருக்கிறீர்கள். எதை வெட்டலாம், எதை வைக்கலாம் என்று பேசி அண்ணனை வெட்டிவிட்டு என்னை வைத்துக்கொண்டீர்கள். என்னைக் கேட்டீர்களா? நான் கேட்டேனா, என் அண்ணன் கையைக் கொடுத்து எனக்குச் சோறு போடுங்கள் என்று? ஒருத்தன் பாசத்தில் சொன்னான், இன்னொருத்தன் பயத்தில் தலையாட்டினான். நடுவில் என் பெயரைச் சாக்காக இழுத்துவிட்டீர்கள். எனக்கு உங்கள் இரண்டு பேர் மேலேயும் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் வரவில்லை. போன கடிதத்தில் கோபத்தில் எழுதிவிட்டேன். அண்ணன் சாவியைக் கொடுக்க மாட்டான், அவன் பையிலிருந்து நான் திருடவும் மாட்டேன். அப்படி எடுத்துவந்து நீட்டி உங்களை மாட்டிவிட்டால் நீங்கள் சொன்னதாக ஆகாது, நான் சொல்லவைத்ததாகத்தான் ஆகும்.

என்ன செய்யச் சொல்கிறாய் என்று கேட்டீர்கள். சொல்ல மாட்டேன். அன்றைக்குப் பட்டனை அமுக்கும்போது யாரையும் கேட்கவில்லையே.

அண்ணன் வலது கையில் சுண்டுவிரல் இப்போது உள்ளங்கையைத் தொடுகிறது. தினமும் காலையில் எண்ணெய் போட்டு நீவிவிடுகிறேன். வலிக்கிறதா என்றால் இல்லை என்கிறான்.

பிரிசி


இந்தூர்
28-9-2024

பிரிசி,

உன் 23ஆம் தேதிக் கடிதம் இன்றைக்குத்தான் கையில் கிடைத்தது. அதற்கு முன்னாலேயே நேற்று சொல்லிவிட்டேன். நீ திட்டினதால் சொன்னேன் என்று நினைத்துவிடாதே, அதற்காகத்தான் முதலில் இதை எழுதுகிறேன்.

சொல்லக் கூடாது என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். என் பழைய சாட்சியத்தைப் படித்தார்கள். 'குரல் கொடுத்தேன், பதில் இல்லை' என்ற வரி வந்தது. சேர்ப்பதற்கு ஏதாவது உண்டா என்று ஒருவர் கேட்டுக்கொண்டே என் பக்கம் பேனாவைத் தள்ளினார். அந்த நேரம் ஜன்னலுக்கு வெளியே ஹாங்கரில் யாரோ "பவர்" என்று கத்தினார்கள். உள்ளேயிருந்து "க்ளியர்" என்று பதில் வந்தது. தினமும் நூறு தடவை கேட்கிற சத்தம்தான். என் கை பேனாவைத் தொடவில்லை.

உண்டு என்றேன். சாவியை, இரண்டு வருஷ வழக்கத்தை, குரல் கொடுக்காததை எல்லாம் சொன்னேன். ஆம்புலன்ஸ் பேச்சை மட்டும் சொல்லவில்லை. பொய் சொன்னது என் புத்தி என்று சொல்லிவிட்டேன்.

மச்சான் அட்டை மாட்டாதது தப்புதான் என்று எழுதிக்கொண்டார்கள். ஆனால் வண்டியை நிறுத்திச் சாவியை எடுத்துக்கொண்டுதான் உள்ளே போனான், சொந்தக் கவனக்குறைவு மட்டும் காரணம் இல்லை என்று முடிவு மாறியிருக்கிறது. ஆபரேஷன் அக்டோபர் 21, சென்னையில். காகிதம் தனியாக வரும். கை தேறினால் ஸ்டோரில் அவனுக்கு வேலை தருவதாகவும் எழுதியிருக்கிறார்கள்.

எனக்கு வேலை இல்லை. மூன்று வருஷத்துக்குப் பரீட்சையும் எழுத முடியாது. பத்தாம் தேதிக்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். உன் புடவைகளையும் குக்கரையும் கட்டி வைத்திருக்கிறேன்.

அந்த நான்காம் நம்பர் சாவியை ஒப்படைக்கச் சொல்கிறார்கள். மச்சானிடம் கேட்க எனக்கு முகமில்லை. நீதான் கேட்க வேண்டும். சத்தியத்தை மீறிவிட்டேன் என்று அவனிடம் சொல்லிவிடு.

நான் அங்கே வரலாமா? வேண்டாம் என்றால் வேறு எங்காவது போகிறேன். எங்கே என்று இன்னும் யோசிக்கவில்லை.

வசந்த்


காவாந்தண்டலம்
4-10-2024

மாமா,

உங்கள் கடிதத்தை அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன், ஒரு வரி விடாமல். பாதியிலேயே கண்ணை மூடிக்கொண்டான். முடிந்ததும், "துரோகிப் பய. சத்தியம் பண்ணிட்டு இன்னா வேல பண்ணிக் கீறான் பாரு. என் தங்கச்சிய தெருவுல நிறுத்திட்டான்" என்றான். அப்புறம் இரண்டு நாள் என்னோடும் அம்மாவோடும் ஒரு வார்த்தை இல்லை. ஊட்டினால் வாயைத் திறப்பான், அவ்வளவுதான். ஆபரேஷன் தேதியைச் சொன்னேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். எனக்குப் பயமாக இருந்தது. ராத்திரியில் அவன் மூச்சு விடுகிறானா என்று பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

இன்றைக்குக் காலையில் சட்டை மாற்றினேன். வழக்கம்போலச் சாவியை எடுத்து அடுத்த சட்டைப் பையில் போடப் போனேன். "போடாத" என்றான். ஏன் என்று கேட்டேன்.

"அது பையில கீற வரிக்கும் நான் உள்ள கீறேன்னு அர்த்தம். மூணு மாசமா அந்த ரூம்புக்குள்ளயே குந்திக்கினு கீறேன் பிரிசி. கண்ண மூடுனா அங்கதான் கீறேன். போதும். எட்த்து அவனுக்கு அனுப்பு."

அதைச் சொல்லும்போதுதான் அழுதான். ஜூலையிலிருந்து இப்போதுதான் அவன் அழுது பார்க்கிறேன். துடைத்துக்கொள்ளக் கை உதவாமல் அப்படியே விட்டுவிட்டான். நான் துடைத்துவிட்டேன்.

உங்களை மன்னித்துவிட்டான் என்று நான் எழுத மாட்டேன். வசந்த் வரட்டுமா என்று கேட்டேன், வரட்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. என்னைக் கேட்டால், எனக்கும் இன்னும் ஆறவில்லை. உங்களைப் பார்த்தால் முதலில் கத்துவேனோ, கட்டிக்கொள்வேனோ தெரியாது. வேலை போனதற்காக ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். அம்மா இப்போதே உத்திரமேரூரில் யாருக்கோ வயரிங் ஆள் வேண்டுமாம் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.

சாவியை இந்த உறையில் வைத்திருக்கிறேன். டேப்பைப் பிரிக்கவில்லை. அதை அங்கே ஒப்படைத்துவிட்டு வாருங்கள்.

வந்ததும் நேராக உள்ளே வந்துவிடாதீர்கள். அண்ணன் கட்டில் கதவுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது. வாசலில் நின்று அவன் பெயரைச் சொல்லிக் குரல் கொடுங்கள். எத்தனை தடவை ஆனாலும் சரி, அவன் பதில் சொல்கிற வரைக்கும் உள்ளே காலை வைக்காதீர்கள்.

பிரிசி